மேசையில் எரிந்த பல்பு

ஐந்தாவது முறையாக அந்த இன்வெர்ட்டர் பெட்டியை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கினோம். இருபத்திரண்டு கிலோ. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்டுக்கென்று விட்ட இடத்தில் ஓட்டை வாளிகளும் யாரோ விட்டுப்போன சைக்கிளும் கிடக்கின்றன. அவர் மேல் பக்கம் பிடித்தார், நான் கீழ்ப் பக்கம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்பதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. ஆனால் அவர் பக்கத்து வீடு, போதாததற்கு இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. வேறு யாரையும் கூப்பிட அவருக்கு வெட்கம். கம்பெனியில் செய்த பெட்டி கம்பெனிக்காரன் வீட்டிலேயே ஓடவில்லை என்று தண்டோரா போட்டுக்கொண்டா இறக்க முடியும்?

வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள். கையில் ஈரத்துணி, கண்ணில் தூக்கமில்லை.

"பாத்து அக்கா, மெதுவா. கீழ போய்ச் சேந்துட்டா அது நல்ல புள்ளையாயிடும். மேல வந்தாத்தான் அதுக்கு உடம்புக்கு முடியாமப் போயிடுது."

சிரிக்கவில்லை. முன்னெல்லாம் இந்த மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். அவர் அடுத்த படியில் காலை வைத்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பெட்டிக்கு பிளாஸ்டிக் தாள் போர்த்திவிட்டு நாங்கள் நனைந்தோம்.

எங்கள் கம்பெனி இரண்டு தெரு தள்ளி. பேட்டரியிலிருந்து வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக் கொடுக்கும் இன்வெர்ட்டர் செய்கிறோம். கரண்ட் போனால் அது அந்த நொடியே வீட்டில் ஓடுகிறவற்றின் சுமையைத் தன் தலையில் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் அதன் பிழைப்பு. மொத்தம் முப்பது பேர். நான் ஸ்டோர். திருகாணி முதல் அட்டைப்பெட்டி வரை என் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. அவருக்கு டெஸ்டிங் மேசை. வெறும் டெஸ்டிங் என்று சொல்லிவிட முடியாது, பெட்டியின் மூளை என்கிற அந்தப் பச்சை அட்டையை வடிவமைத்ததும் அவர்தான். யார் எதைக் கேட்டாலும் "பொறுங்க, பாத்துச் சொல்றேன்" என்பார். அதனால் கம்பெனியில் அவர் பெயரே பொறுங்க. பெண் பார்க்கப் போனபோது பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கும் இதையே சொல்லிவிட்டு வந்தாராம். பதினோராம் நாள்தான் பதில் போனதாம். அதற்குள் தன் வீட்டில் வேறு இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அவர் மனைவி சொல்லிக் காட்டுவாள்.

அவள் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் லென்ஸ் தேய்க்கிறவள். சட்டத்துக்கு ஏற்றபடி கண்ணாடியைச் சக்கரத்தில் பிடித்து ஓரம் தேய்க்க வேண்டும். ஒரு மயிரிழை கூடப்போனாலும் லென்ஸ் வீண். பதினான்கு வருஷமாக அந்த வேலை. கையை வைத்தாலே அளவு தெரியும் அவளுக்கு. நான் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுவேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா இங்கே வந்து சேர்ந்தார். மாவு மில்லில் முப்பது வருஷம் நின்ற மனுஷர். நுரையீரல் முழுக்க மாவு என்று அவரே சொல்வார். அதுவரை மகன் வீட்டில் இருந்தார். அங்கே சாமான் போட்டு வைக்கிற அறையில் ஒரு கட்டில். மருமகள் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவாளாம். அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை, நான் கிண்டிக் கிண்டிக் கேட்டு வாங்கினேன். கண்ணாடிக்காரி ஒரு நாள் போய்ப் பார்த்தாள், அன்றைக்கே வண்டி வைத்துக் கூட்டி வந்துவிட்டாள்.

இங்கே ஜன்னல் ஓரம் கட்டில், பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு மூச்சு மெஷின். அறைக் காற்றை உறிஞ்சி, அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். நாள் முழுக்க ஓட வேண்டும். எங்கள் பகுதியில் மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போகும், சில நாள் ஆறு. நேரம் காலம் கிடையாது. மாப்பிள்ளை கம்பெனியிலேயே இன்வெர்ட்டர் செய்கிறாரே, கவலை எதற்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

நடந்தது வேறு. கரண்ட் போகும். பெட்டி சுமையை வாங்கிக்கொள்ளும், ஆனால் ஒரு கணம் தடுமாறும். அந்த ஒரு கணம் மெஷினுக்குப் போதும். ஒரு ஊளை, அப்புறம் நின்றுவிடும். யாராவது போய் பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். ஓட ஆரம்பித்தாலும் சரியான காற்று வர நாலைந்து நிமிஷம் ஆகும். அதற்குள் பெரியவருக்கு உதடு நீலம் பாய்ந்துவிடும். ஒரு தடவை தானே அழுத்தப் பார்த்துக் கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தார். அதிலிருந்து, மெஷின் ஊளையிட்டால் பத்து எண்ணுவதற்குள் பொத்தானில் ஒரு கை இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. அந்தக் கை கண்ணாடிக்காரியின் கை.

ஐந்து மாதமாக அவள் வேலைக்குப் போகவில்லை. கடைக்குப் போகவில்லை. குளிக்கிறபோது கதவைத் தாழ் போடுவதில்லை. நான் ஒரு நாள் டீ குடிக்கப் போனேன். அடுப்பில் பால், அவள் என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டே ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்தாள். விசிறி நின்றது. பேச்சு பாதி வாயில் இருக்கும்போதே ஆளைக் காணோம். எனக்கு விசிறி நின்றது உறைக்கும் முன்னே அவள் அறைக்குள் இருந்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது, ரொட்டி கருகியது. நான் இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கை கால் ஓடவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

பட்டறைக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனாலும் எத்தனை நாள்? ஒன்றாம் தேதி திங்கட்கிழமை வரவில்லையென்றால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவள் போனால் பெரியவர் மறுபடி மகன் வீடு. அங்கே பெரிய ஜெனரேட்டர் இருக்கிறது, மனுஷர்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று அவள் அண்ணனும் போனில் சொல்லியாயிற்று. பெரியவர் யாரும் சொல்லாமலே தன் சட்டைகளை மடித்து வைத்துவிட்டார். அதைப் பார்த்த நாளிலிருந்து நான் அந்த வீட்டுக்குள் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

இத்தனைக்கும் பொறுங்க சும்மா இருக்கவில்லை. பெட்டியைக் கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைப்பார். மேசையில் ஒரு பெரிய சுவிட்ச். அதைத் தட்டினால் முழுச் சுமையும் ஒரே அடியாகப் பெட்டியின் மேல் விழும். திரையில் ஒரு கோடு ஓடும். சுமை விழுந்ததும் கோடு சற்றே தொய்ந்து நிமிர வேண்டும். எவ்வளவு சீக்கிரம் நிமிர்கிறது என்பதுதான் கணக்கு. அங்கே எல்லாம் கண் இமைக்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான். இருபது தடவை தட்டினாலும் இருபது தடவையும் நிமிர்ந்துவிடும். திரும்பத் தூக்கிக்கொண்டு வருவோம். வந்த மறுநாளே ஊளை.

பெட்டி வாங்கினவர்களில் பதினாலு பேர் இதே குறையைச் சொல்லியிருந்தார்கள். ஒரு பல் டாக்டர், ஒரு பிரிண்டிங் கடை, மிச்சம் எல்லாம் வீடுகள். அத்தனை பேரிடமும் பொறுங்க ஒரே பதிலைத்தான் சொன்னார்: "பெட்டில கோளாறு இல்லீங்க. உங்க வீட்டு வயரிங்கைப் பாருங்க." ஏமாற்றிச் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். எவ்வளவு நம்பினார் என்றால், தன் வீட்டு வயரிங்கையே பிடுங்கிப் புதிதாகப் போட்டார். நாலு நாள் சுவரைக் கொத்தினார்கள். மூச்சு முட்டுகிற மனுஷர் இருக்கிற வீட்டில் சுண்ணாம்புத் தூசி. பெரியவரை என் வீட்டில் படுக்க வைத்தோம். ஐந்தாம் நாள் புது வயரில் கரண்ட் போனது. ஊளை அப்படியே கேட்டது.

இந்த ஐந்தாவது தடவையும் மேசையில் இருபதுக்கு இருபது. அன்று சாயங்காலம் பெட்டியை மேலே வைத்துவிட்டு நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவள் கேட்டாள்:

"என்ன சொல்லுது மேசை?"

"எல்லாம் சரியா இருக்கு," என்றார்.

"அப்ப என் காதுதான் சரியில்லையா? ஊளையிடறது எனக்கு மட்டும்தான் கேக்குதா?"

"அப்படி யார் சொன்னது? பொறு, பாத்து..."

"எதைப் பொறுக்கறது? இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. ஒண்ணு நான் அந்த வேலையை விடணும், இல்ல அப்பாவை விடணும். நீங்க வயரிங்கை விட மாட்டேங்கறீங்க."

உள்ளே இருந்து பெரியவர் இருமிக்கொண்டே, "மாப்பிள்ளையை ஒண்ணும் சொல்லாதம்மா. அங்க எனக்கென்ன குறை, போயிட்டு வரேன்," என்றார். அதைக் கேட்டதும் அவள் முகம் செத்துப்போனது. நான் என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் புதன்கிழமை. டெஸ்டிங் மேசை பல்பு ஃபியூஸ் போனது.

அந்த பல்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆள் கரண்ட் இல்லை என்று நினைத்துப் பெட்டியின் முனையைத் தொட்டுவிட்டான். உயிர் பிழைத்தது பெரிய காரியம். அதிலிருந்து மேசையில் எந்தப் பெட்டியை வைத்தாலும் முதலில் ஒரு குண்டு பல்பை அதோடு சேர்த்துவிடுவார்கள். பல்பு எரிகிறதா, கம்பியில் கரண்ட் இருக்கிறது, கையை வைக்காதே. சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருக்கும்: பல்பு இல்லாமல் டெஸ்ட் இல்லை. அந்த விதியை யாரும் மீறியதில்லை. பொறுங்க மீறுவாரா? அவர் மேசையில் உட்காரும் முன்பு அந்த எழுத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிற ஆள்.

நூறு வாட் குண்டு பல்பு. என் ஸ்டோரில் ஒரு டஜன் பதுக்கி வைத்திருந்தேன், அதுவும் தீர்ந்துவிட்டது. கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள். அந்த பல்பை இப்போது யார் செய்கிறார்கள்? சரி, வெளிச்சம்தானே வேண்டும் என்று ஐந்து வாட் எல்.இ.டி பல்பு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பழையதைவிட நல்ல வெளிச்சம், சூடும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

பத்தரை மணிக்குச் சலசலப்பு. முதல் பெட்டி டெஸ்டில் தேறாமல் விழுந்துவிட்டது. இரண்டாவதும். முந்தின நாள் தேறிய பெட்டிகளை எடுத்து வந்து வைத்தார்கள், அவையும் விழுந்தன. வரிசையாக ஆறு. முதலாளி ஓடி வந்தார். நேற்றுக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று விசாரித்து, கடைசியில் என்னிடம் வந்து நின்றார்.

"ஸ்டோர் அம்மா, என்னத்தை வாங்கிக் குடுத்தீங்க?"

பல்பு என்றேன். பல்பு கொடுத்தால் பெட்டி விழுமா, ஊரில் இருக்கிற பழியெல்லாம் என் தலையில்தானா என்று நானும் சத்தம் போட்டேன். நடுவில் பொறுங்க கையை உயர்த்தி, வழக்கமான அந்த வார்த்தையைச் சொன்னார். பிறகு திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி இரண்டு தடவை போய்விட்டு வந்தார்.

"அக்கா, பழைய பல்பு ஒண்ணுகூட எங்கயும் இல்லையா?"

வாட்ச்மேன் அறையில் ஒன்று எரிந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. போய்ச் சூட்டோடு துணியில் பிடித்துக் கழற்றி வந்தேன். அதை மாட்டினார், சுவிட்சைத் தட்டினார். கோடு தொய்ந்தது, நிமிர்ந்தது. தேறியது. எல்.இ.டியை மாட்டினார். விழுந்தது. மறுபடி குண்டு பல்பு, தேறியது. ஒன்பது தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், இரண்டு பல்பையும் கழற்றிவிட்டுச் சுவிட்சைத் தட்டினார். திரையில் கோடு விழுந்தது, விழுந்த இடத்திலேயே கிடந்தது, பிறகு முக்கி முனகி எழுந்தது. கிட்டத்தட்ட அரை நொடி. மூச்சு மெஷின் நாலு தடவை நின்றுபோகலாம் அதற்குள்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, சுமை இல்லாதப்ப பேட்டரி வீணாகக் கூடாதுன்னு பெட்டியைத் தூங்க வச்சது நான்தான். அதுக்காக முதலாளி எனக்கு மாலையெல்லாம் போட்டாரு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இந்த மேசைல அது ஒரு நாளும் தூங்கல. பல்பு நூறு வாட்டு இழுத்துக்கிட்டே இருந்துச்சு. எல்.இ.டி இழுக்கற அஞ்சு வாட்டு அதுக்கு உறைக்கல, தூங்கிடுச்சு. முழிச்சிருக்கறவன் தலைல மூட்டையை வச்சா புடிச்சுக்குவான். நாங்க அவன்கிட்டதான் சோதிச்சுக்கிட்டிருந்தோம். வீட்ல, கரண்ட் இருக்கற வரைக்கும் தூங்கறவன் தலைல வச்சிருக்கோம்."

"அப்ப வயரிங்?"

"வயரிங்ல ஒண்ணுமே இல்ல," என்றார்.

எனக்குக் கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் அந்தத் தண்ணீரைக் குடி தம்பி என்றேன்.

முதலாளிக்கு விஷயம் புரிந்ததும் நிம்மதியாகிவிட்டது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளேயும் ஒரு பல்பு மாதிரி எதையாவது வைத்து மூடிவிட்டால் ஆயிற்று, இதற்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா என்றார். அப்படிச் செய்தால் பேட்டரியை அது சும்மாவே தின்னும், மூன்று மணி நேரம் ஓட வேண்டியது இரண்டு மணி நேரத்தில் கவிழும் என்றார் பொறுங்க. கவிழட்டுமே என்றார் முதலாளி. அந்த ஒரு மணி நேரத்தில் என் மாமனார் மூச்சு விடணும் சார் என்றார் இவர். இருபது வருஷத்தில் அவர் முதலாளியிடம் உடனுக்குடன் பதில் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். சனிக்கிழமை வரை பார், இல்லையென்றால் என் வழி என்று சொல்லிவிட்டு முதலாளி போனார்.

மூன்று நாள். சாப்பாட்டு நேரத்திலும் மேசையை விட்டு அவர் எழவில்லை. நான் கொண்டுபோன ரொட்டியை இடது கையால் தின்றுகொண்டே வலது கையால் பச்சை அட்டையில் ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்தார். என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இதுவரை பெட்டி வோல்டேஜை மட்டும்தான் கவனித்தது. வோல்டேஜ் விழுந்த பிறகுதான் சுமை வந்ததே அதற்குத் தெரியும். தட்டு காலியான பிறகு அடுப்பைப் பற்றவைக்கிற மாதிரி. இப்போது சுமைக்குப் போகிற கம்பியிலேயே ஒரு கண்ணை வைக்கிறார். விருந்தாளியின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும்போதே அடுப்பு எரிய வேண்டும். தூக்கத்தையும் முழுத் தூக்கமாக விடாமல் கண்ணயர்வாகக் குறைத்துவிட்டார்.

வியாழக்கிழமை அது வேகமாகத்தான் எழுந்தது. ஆனால் பதறிக்கொண்டு எழுந்தது. கோடு தேவைக்கு மேல் எகிறி, கீழே விழுந்து, மறுபடி எகிறி ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு மீட்டர் கருகிப் போனது, அதற்கு நான் இன்னும் கணக்கு எழுதவில்லை. வெள்ளிக்கிழமை பதற்றம் குறைந்தது, வேகமும் குறைந்துவிட்டது.

"சட்டுனு வரணும், ஆனா பதறக் கூடாது. இது ரெண்டும் சேந்து வர மாட்டேங்குதுக்கா," என்றார்.

"மனுஷங்கள்லயே அப்படி யாரும் கிடையாது, பெட்டிகிட்ட போய் எதிர்பாக்கறியே."

"எங்க வீட்ல ஒருத்தி இருக்கா," என்றார். சொல்லிவிட்டுப் பற்றுவைக்கிற சூட்டுக்கோலை எடுத்துக் குனிந்துகொண்டார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, பல்பு எதுவும் இல்லாத மேசையில், கோடு லேசாக ஒரு சுளிப்புச் சுளித்துவிட்டு நேராகப் போனது. நூறு தடவை தட்டினார். நூறும் அப்படியே.

புது அட்டை போட்ட அந்தப் பெட்டியை, வீட்டில் இருப்பதற்குப் பதிலாக, பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு வந்தோம். வழியில் நான் ஒரு யோசனை சொன்னேன். பல்பு விஷயத்தை வீட்டில் சொல்லாதே, புதிதாக ஒன்று கண்டுபிடித்தேன் என்று மட்டும் சொல், குடும்பத்துக்கு அதுதான் நல்லது என்றேன். பொறுங்கக்கா என்றார். சரி, பதினோரு நாள் கழித்துத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மூன்றாம் மாடி ஏறியதும் பெட்டியைத் தரையில் வைக்கக்கூட இல்லை.

"வயரிங் இல்ல. தப்பு என்னுதுதான்," என்றார் மனைவியிடம். பல்பு கதையை அங்கேயே நின்றபடி முழுக்கச் சொன்னார். என் பக்கம் பெட்டி கனத்து விரல் மரத்துப்போனது.

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அஞ்சு மாசம்," என்றாள். "அதுல ஒரு நாள் அந்த பல்பைக் கழட்டிப் பாத்திருந்தா?"

"அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"ஏன் கழட்டல?"

"கழட்டக் கூடாதுன்னு சுவத்துல எழுதியிருக்கு."

"யாரு எழுதினது?"

"நான்தான்."

அவள் அவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவளுக்கு அதற்கும் தெம்பில்லை. "உள்ள கொண்டு வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

பழையதைக் கழற்றிவிட்டுப் புதுப் பெட்டியை மாட்டினார். இனி தாங்கும் என்று அறை விசிறியையும் அதிலேயே சேர்த்தார். பெரியவரை அவசரத்துக்கென்று வைத்திருந்த ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, மெஷினின் குழாயைத் துடைத்து அவள் தன் மூக்கில் மாட்டிக்கொண்டாள். தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"மெயினை அணைங்க," என்றாள்.

அணைத்தார். கூடத்து விளக்கு போனது. மெஷின் அது பாட்டுக்கு ஓடியது. விசிறி ஒரு சுற்றுகூடத் தயங்கவில்லை. போடுங்க, அணைங்க, போடுங்க, அணைங்க. அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள், அவர் கதவோரத்து மெயின் சுவிட்சில் செய்துகொண்டே இருந்தார். முப்பது வரை நான் எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். பெரியவர் கட்டிலில் சாய்ந்தபடி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் குழாயைக் கழற்றிவிட்டு எழுந்தாள். அண்ணனுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றாள். அடுத்து அவரிடம், "அந்தப் பதினாலு பேருக்கும் நாளைக்கே போன் பண்ணிச் சொல்லுங்க. அவங்க வீட்லயும் யாராவது ஓடிக்கிட்டிருப்பாங்க," என்றாள்.

ஞாயிறு முழுக்க அவர் போனும் கையுமாக இருந்தார். மூன்று பேர் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். பல் டாக்டர் ஐம்பதாயிரம் செலவழித்து வயரிங் மாற்றியிருந்தாராம். முதலாளிக்கு யாரோ சொல்லி, அவர் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அன்று நன்றாகத் தூங்கினாராம். பெரியவரின் சட்டைகள் மறுபடி கொடியில் ஏறின.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். கீழ் வீட்டு அம்மா மத்தியானம் ஒரு தடவை ஏறிப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. எங்கள் கம்பெனிக்கும் வீட்டுக்கும் அவள் பட்டறைக்கும் ஒரே லைன்தான், ஒரு இடத்தில் கரண்ட் போனால் மூன்று இடத்திலும் போகும். அன்றைக்கென்று நாலு தடவை போனது. ஒவ்வொரு தடவையும் பொறுங்க கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நிற்பார். பாக்கெட்டில் போன் இருக்கிறது, எடுக்க மாட்டார். கூப்பிடேன் என்றேன். மாமா தூங்கிக்கிட்டிருந்தா எழுந்துடுவாருக்கா என்றார்.

சாயங்காலம் நாங்கள் வரும்போது கண்ணாடிக்காரி கீழ்ப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பை மடியில். இன்னும் மேலே போகவில்லை.

"கால் வரலக்கா," என்றாள். "காலைல மொத தடவை கரண்ட் போச்சு. சக்கரம் நின்னதும் எல்லாரும் அப்பாடான்னு சாஞ்சு உக்காந்தாங்க. நான் எழுந்து ஓடியிருக்கேன். லென்ஸைக் கீழ போட்டுட்டு, தெருவுல செருப்பில்லாம பாதி தூரம் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. எல்லாரும் சிரிச்சாங்க. சரின்னு நானும் சிரிச்சேன். அடுத்த தடவையும் ஓடினேன். நாலு தடவையும் ஓடினேன்க்கா. வேணும்னு இல்ல, கால் தானா ஓடுது."

அவர் பக்கத்தில் போய் அவளுடைய பையை வாங்கிக்கொண்டார். கையைப் பிடித்து எழுப்பினார். மூன்று பேரும் ஏறினோம். மூன்று பேருக்கும் முழங்கால் வலி, மெதுவாகத்தான் ஏறினோம்.

பெரியவர் விழித்திருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, விசிறி சுற்றியது. உதடு நல்ல நிறமாக இருந்தது. மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, முதல் நாள் எப்படிப் போனது என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்:

"உனக்கு அதிர்ஷ்டம்மா. நீ வேலைக்குப் போன நாளாப் பாத்து, இன்னைக்குப் பூரா ஒரு தடவைகூடக் கரண்ட் போகல."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அழுக்கான பாதத்தைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஆமாப்பா," என்றாள். "போகவே இல்ல."